கழுகு தன் அலகை உடைத்துக்கொள்வதில்லை

கழுகு தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்வதில்லை. மற்றதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். சபைகளில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இப்போது வேதத்திலேயே இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். வேதத்தில் அப்படி இல்லை. கர்த்தருக்குக் காத்திருக்கிறவன் கழுகைப்போலப் புதுப்பலம் அடைவான் என்ற கருத்து இருக்கிறது. அலகை உடைப்பதெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது.

கேள்விப்படாதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். கழுகுக்கு நாற்பது வயதானதும் அலகு வளைந்துவிடுமாம், நகம் மழுங்கிவிடுமாம், இறகு கனத்துவிடுமாம். உடனே அது மலையுச்சிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து அலகைப் பாறையில் அடித்து உடைக்குமாம். புது அலகு முளைத்ததும் அதைக்கொண்டு பழைய நகங்களைப் பிடுங்குமாம். புது நகம் வந்ததும் இறகுகளைப் பிடுங்குமாம். இப்படி ஐந்து மாதம் பட்டினி கிடந்து, வலி பொறுத்து, அதன்பிறகு இன்னும் முப்பது வருடம் ஜோராகப் பறக்குமாம். ஆகையால் பிரியமானவர்களே, நீங்களும் வலியைத் தாங்கிக்கொண்டால் வளருவீர்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். சபையில் யாரும் கேட்பதில்லை.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அன்னவாசல் பக்கத்து மருந்தகங்களில் முப்பத்தோரு வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஊசி போட்டவன். முட்டைக்கோழிப் பண்ணைகளில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க அலகு நுனியைச் சூடான கத்தியால் வெட்டுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நூலளவு அதிகமாக வெட்டுப்பட்டால் போதும். அந்தக் குஞ்சு தீவனத்தில் தலையை விட்டு விட்டு எடுக்கும், ஒரு மணிகூட உள்ளே போகாது. மூன்றாம் நாள் காலையில் அதை ஓரமாக எடுத்துப் போடுவார்கள். அலகு போன பறவை செத்துப்போகும், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாச காலமான லெந்தின் முதல் ஞாயிறு. எங்கள் போதகருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, தலையில் மூன்று சபைகள். காலை எட்டு மணிக்கு எங்களுக்கு, பதினொன்றுக்குக் குடுமியான்மலை போகிற வழியில் என் அக்கா இருக்கும் ஊருக்கு, சாயங்காலம் இன்னோர் ஊருக்கு. மூன்று ஊருக்கும் பிரசங்கம் ஒன்றுதான். அன்றைக்குத் தலைப்பு, ஆவிக்குரிய வளர்ச்சிக்கு இயற்கை தரும் பாடங்கள். நான் ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் பழைய இலையைக் கொட்டிக்கொண்டு, அதே கிளையில் கொழுந்தும் விட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பனிக்கட்டியின் வெண்மையைப் பற்றிச் சொன்னார். ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்வதைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கடலையும் கேப்பையும் போட்டுப் பிழைத்த வீட்டுப் பிள்ளைகள்.

அதையாவது பொறுக்கலாம். அடுத்தது, வழிதப்பி ஓடும் ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் வேண்டுமென்றே ஒடித்து, பிறகு தோளில் சுமந்து, அப்படித்தான் அதற்குக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொடுப்பான் என்றார். செம்மறி கிடை போடுகிறவர்களிடம் போய் இதைச் சொன்னால் தொரட்டிக் கம்பாலேயே முதுகில் ஒன்று வைப்பார்கள். கால் ஒடிந்த குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எட்டு மைல் நடந்து மருந்தகத்துக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முடிக்கும்வரை குட்டியின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நிற்பார்கள். ஆண்டவரைப் பற்றிச் சொல்ல அந்தக் கை ஒன்று போதாதா? ஒடிக்கிற கையை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாகக் கழுகு. பெண்கள் பக்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவர் கையைக் குலுக்கி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தது என் வீட்டுக்காரியிடம்தான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருப்பதால் ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போனில் பேசும்போதெல்லாம் நல்லாருக்கேன் என்பாள். லெந்து நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் வீட்டு முருங்கைக்காயைக் கட்டி எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

கதவு திறந்துதான் கிடக்கிறது, வா என்று உள்ளே இருந்தபடியே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலைப் பழைய வேட்டித் துணியால் சுற்றியிருந்தாள். உள்ளே நுழைந்ததுமே ஒரு வாடை. அது எனக்குப் பழகிய வாடை. மாட்டின் குளம்பு அழுகத் தொடங்கும்போது வருவது.

கொல்லையில் கருவேலமுள் குத்தி இரண்டு வாரமாகிறதாம். முதலில் வலியே தெரியவில்லையாம், இப்போது கெண்டைக்கால் வரை தெறிக்கிறதாம். நாற்பது நாள் உபவாசம் எடுத்திருக்கிறாள். சாயங்காலம்வரை வெறும் தண்ணீர். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கருத்திருந்தன.

இப்போதே கிளம்பு, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஈஸ்டர் கழியட்டும் என்றாள். ஈஸ்டர் வரைக்கும் கால் இருக்காது என்றேன். அவளுக்கு முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“இப்பத்தான்டா அலகு ஒடையுற நேரம். வலிக்கத்தான் செய்யும். பாதியில எந்திரிச்சுப் போனா இம்புட்டு நாளு இருந்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிரும்.”

எனக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு காலத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்தவள். ஒரு பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் காரணம் கேட்காமல் விடமாட்டாள். அவளைப் பட்டினி போட்டு, விரலை அழுகவிட்டு, அதற்கு ஆவிக்குரிய வளர்ச்சி என்று பெயரும் வைக்க வைத்தது எது? ஒரு பொய்க் கழுகு. நான் சத்தம் போட்டேன். போதகரைத் திட்டினேன். அவர் படித்த கல்லூரியைத் திட்டினேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தக் காலோடு அவளை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள் என்று ஊர் ஊராக மாட்டுக்காரர்களுக்குச் சொன்னவன் நான்.

போதகர் அப்போதுதான் எங்கோ வீட்டு ஜெபம் முடித்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன். கழுகு அலகை உடைப்பதை யார் பார்த்தது? அலகு இல்லாமல் ஐந்து மாதம் எதைத் தின்றது? வீடியோவில் பார்த்ததுதான், பெரிய ஊழியக்காரர்களே சொல்கிறார்கள் என்றார். அக்காவின் காலைப் பற்றிச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“கதை பொய்யாவே இருக்கட்டும் சார். பாடம் உண்மைதான? நான் மாத்திரை சாப்பிட வேணாம்னு எந்த எடத்துலயும் சொல்லலையே.”

அது உண்மைதான், அவர் சொல்லவில்லை. அதனால் என் கோபம் இன்னும் கூடியது. ஆண்டவர் விதைக்கிறவனைப் பற்றிச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் உழுது விதைக்கிற சம்சாரிகள் என்று அவருக்குச் சொன்னேன். வழியோரம் விழுந்ததைக் குருவி தின்னும், பாறையில் விழுந்தது காயும், முள்ளுக்குள் விழுந்தது நெருக்குண்டு போகும். ஒரு சம்சாரிகூட எழுந்து அப்படி நடக்காதே என்று சொல்ல முடியாது. பறவைகளைக் கவனித்துப் பாருங்கள் என்றுதான் அவர் சொன்னார், பறவைகளைப் பற்றிக் கதை கட்டுங்கள் என்று சொல்லவில்லை. “அவரு கண்ணால பாத்ததச் சொன்னாரு பாஸ்டர். நீங்க போன்ல வந்ததச் சொல்றீங்க” என்று முடித்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை வந்து அக்காவைப் பார்க்கிறேன் என்றார். இன்றைக்கே வாருங்கள் என்று நானும் கேட்கவில்லை, கோபத்தில் அது தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் எங்கள் பெட்டைக்கோழி நிற்கிறது. அடைகாத்து எழுந்தது. குஞ்சுகளைப் பிரித்துவிட்ட பிறகு இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது. கழுத்து மொட்டை, வால் பாதி. பார்க்கவே பாவமாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பது வருடமாக இதைப் பற்றிக் கோழி வளர்க்கிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் என் ஆத்துமாவுக்கு என்று கேட்டுக்கொண்டதில்லை. பிரசங்கியாரைக் குறை சொல்கிற எனக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பழக்கம் இருந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் கோழியை ஒயர்கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, மொபெட்டில் அக்கா ஊருக்குப் போனேன். வழியில் தெரிந்தவர்கள் கூடையைப் பார்த்துவிட்டு, விருந்தா என்று கேட்டார்கள். லெந்து நாளில் கறியைத் தொடாத கிறிஸ்தவன் கோழியோடு போனால் வேறு என்ன கேட்பார்கள்?

அக்கா என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து கோழியை அவள் மடியில் வைத்தேன். கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தோலுக்கு மேலே வரிசையாகக் குருத்து இறகுகள் நீட்டிக்கொண்டிருந்தன. கையில் குத்தும். ஒவ்வொன்றின் அடியிலும் இரத்தம் நீலமாகத் தெரியும். அதில் ஒன்றைப் பிடுங்கினால் இரத்தம் கொட்டும் என்று சொன்னேன்.

“இது பழைய எறகப் புடுங்கலக்கா. உள்ள இருந்து புதுசு மொளச்சு வந்து பழசத் தள்ளுது. அது முடியுற வரைக்கும் தின்னுக்கிட்டேதான் இருக்கும். முட்ட வைக்காது, சண்டைக்குப் போகாது. நாங்க கருவாட்டுத் தூளு, கம்புன்னு கூடுதலாத்தான் போடச் சொல்லுவோம். பட்டினி போட்டா எறகு மொளைக்காது.”

அக்கா கையை எடுக்கவில்லை. விரலால் குருத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தாள். கோழி அசையாமல் மடியில் கிடந்தது. இவ்வளவு காலம் சபைக்குப் போயிருக்கிறேன், கிருபை என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் கொஞ்சம் விளங்கியது என்று சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். ஆனால் விளங்கத்தான் செய்தது. நம்மை நாமே பிய்த்துக்கொண்டு வளர வேண்டியதில்லை. உள்ளே முளைக்கிறதற்குத் தீனி போட்டால் பழையது தானாக விழும்.

அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் சொல்ற. அப்பறம் ஏன்டா எனக்கு அத அனுப்புன?”

எதை என்றேன். பக்கத்தில் கிடந்த போனை எடுத்து, தேடாமலே, மேலே நட்சத்திரம் போட்டு வைத்திருந்த ஒன்றைத் திறந்து நீட்டினாள். கழுகு. பாறை. பின்னணியில் இசை. அனுப்பியது நான். தேதி, அத்தான் காரியம் முடிந்த மறுவாரம். கீழே நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, கூப்பிய கைகள் இரண்டு மட்டும் போட்டிருந்தேன்.

“பாஸ்டர் சொல்லித்தான் நம்புனேன்னு நெனச்சியா? ஒங்க அத்தான் போனப்பறம் தெனமும் காலையில இதப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன். அவரு ஊருக்கெல்லாம் பொதுவாச் சொன்னாரு. நீ எனக்குன்னு அனுப்புன. கோழிக்கு வைத்தியம் பாக்குறவன் அனுப்பிருக்கான், தப்பா இருக்குமான்னுதான் இருந்தேன்.”

எனக்கு அனுப்பிய நினைவே இல்லை. யாரோ எனக்கு அனுப்பியிருப்பார்கள். புருஷனை அடக்கம் செய்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், திறந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டிருப்பேன். ஒரு பஸ் பிடித்தால் அரைமணி நேரம். வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் பார்க்கவே இல்லைக்கா என்று சொன்னேன். அது எனக்குத் தெரியாதுல்ல என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோழியை என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிடு என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. முள் குத்திய வாரமே வந்திருந்தால் சுத்தம் செய்து கட்டுப்போட்டு அனுப்பியிருப்போம் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான்காம் நாள் போதகர் வார்டுக்கு வந்தார். அவர் வரும்போது சொல்ல வேண்டியதை நான் நான்கு நாளாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். வரி வரியாக வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலருகே போய் நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

“என்னாலதாம்மா. விசாரிக்காம அந்தக் கதையச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க. ஞாயித்துக்கெழம மூணு சபையிலயும் சொல்லிருவேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டுச் சரியாக இறங்குகிறதா என்று முப்பது வருட அனுபவத்தோடு பார்த்தேன். அவர் கண்ணீரோடு ஜெபம் செய்துவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

“ஒன் கோவமெல்லாம் அவருக்கு மட்டுந்தானா?”

நான் எழுந்து இறங்கினேன். அவர் வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்தக் கதையை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே அனுப்பியது நான்தான், அவள் நம்பியதும் என்னைத்தான் என்று சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேலேயே சொல்லியிருக்கலாமே சார் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாய் வரவில்லை பாஸ்டர் என்றேன். நான்கு வாரமாக அவரைத் திட்டித் தீர்த்தது அதே வாய்தான்.